தேரை விழுந்த பிள்ளை

இன்னொரு தடவை காட்டுங்க சார் அந்தப் படத்தை. வெளிச்சம் அடிக்குது, போனைக் கொஞ்சம் சாய்ச்சுப் பிடிங்க. ம். இதேதான். ஓரத்துல வெள்ளையா ஒரு கோடு, விரல் நுனியெல்லாம் தட்டை, முதுகு பூரா பருப்பருவா. மரத்தேரை. இதைத் தேடியா இத்தனை தூரம் பஸ் ஏறி வர்றீங்க? இதுக்கு காலேஜ்ல சம்பளம் வேற குடுக்கறாங்களா?

கெடைக்காது சார். எங்க எஸ்டேட் பக்கம் வந்து வீணா அலையாதீங்க. எல்லாத்தையும் நான் தீத்துட்டேன்.

சிரிக்காதீங்க, விளையாட்டுக்குச் சொல்லல. என் பேரு நல்லதம்பி. மேல தேயிலை எஸ்டேட்டுல மூணாம் டிவிஷன். மருந்தடிக்கிற வேலையில இருந்தேன், இப்ப ஃபேக்டரியில விறகு தூக்கறேன். காலையில மொத பஸ்ஸுக்கு எறங்கினேன், பொண்டாட்டி புள்ளையக் கூட்டிட்டு வந்துடலாம்னு. இந்தா பாருங்க, தனியாத்தான் திரும்பறேன். எல்லாம் இந்தச் சனியன் புடிச்ச தேரையால.

மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன். எனக்குக் கோபமே வராது சார். எங்க லைன் வீட்டுல யாரை வேணா கேளுங்க, சொல்லுவாங்க. இப்பக் கேட்டா சொல்ல மாட்டாங்க. முன்னாடி கேட்டிருந்தா சொல்லியிருப்பாங்க. டீக்கடையில ஒருத்தன் என் கால மிதிச்சுட்டு அவன் பாட்டுக்குப் போறான். நான் என்ன பண்ணேன்? கிளாஸை விட்டெறிஞ்சேன். அவன் மேல எறியல, பக்கத்துச் செவுத்துலதான் எறிஞ்சேன். அவ்வளவு பொறுமை எனக்கு. வேற ஒருத்தனா இருந்தா மண்டையப் பொளந்திருப்பான்.

எங்க லைனுக்குப் பின்னாடி ஒரு ஓடை ஓடுது. ஓடைக்கு அந்தாண்ட சோலைக்காடு. வருசம் பூரா இந்தத் தேரை இருக்கற எடமே தெரியாது, மரப்பொந்துல உசரத்துல கெடக்கும். கோடை மழை ரெண்டு தடவை அடிச்சு ஊத்திடுச்சுன்னா எறங்கும் பாருங்க, மரத்துக்கு மரம், கிளைக்குக் கிளை. ஆண் சின்னது, பொட்டை பெருசு. ஆண் போய் முதுகுல ஏறி, பொட்டையோட கக்கத்துல கையக் குடுத்துப் புடிச்சுக்கும். புடிச்சா விடாது. அதைச் சொமந்துக்கிட்டே பொட்டை தத்தித் தத்தி ஓடைக்கு வந்து, பாசிமணி கோத்த மாதிரி நீளமா முட்டை போடும். இதெல்லாம் உங்களுக்கே தெரியும், தலையாட்டறீங்க.

தெரியாதது ஒண்ணு சொல்றேன். கைக்குழந்தை இருக்கற வீட்டுப் பக்கம் அது வரக்கூடாது. புள்ள மேல விழுந்தாலும் சரி, பால் குடுக்கறவ மேல விழுந்தாலும் சரி, புள்ள தேரை மாதிரியே ஆயிடும். வயிறு உப்பும். கைகால் சூம்பிப் போகும். நெஞ்செலும்பை ஒவ்வொண்ணா தொட்டுப் பாக்கலாம். தொடையில தோலு சுருங்கித் தொங்கும். தேரை விழுந்த புள்ளைன்னு அதைத்தான் சொல்றது. பாத்தீங்களா, இதுக்கு மட்டும் தலையாட்ட மாட்டேங்கறீங்க. உங்க வீட்டுல கைக்குழந்தை இருந்து, அது உங்க கண்ணு முன்னாடி எளைச்சிருந்தா அப்பத் தெரியும்.

சோடா வேணுமா? மொகம் ஒரு மாதிரி இருக்கு. இந்த வளைவெல்லாம் பழகாதவங்களுக்குக் கொமட்டும். ஜன்னலைத் தெறந்து வெச்சுக்குங்க.

என் பொண்டாட்டி பேரு சுகந்தி, கொழுந்து பறிக்கறவ. நல்ல பொண்ணுதான், குறை சொல்ல மாட்டேன். கொஞ்சம் பிடிவாதம். போன வருசம் சித்திரையில பாப்பாவுக்கு அஞ்சு மாசம். ஹரிணின்னு பேரு வெச்சோம், ஆனா பாப்பான்னுதான் கூப்பிடறது. ஒருநா சாயங்காலம் வேலை முடிஞ்சு தேயிலைக் காட்டுல இருந்து வர்றா. ஓடையைத் தாண்டறப்போ மேல கிளையில இருந்து ஒண்ணு நேரா அவ நெஞ்சுல விழுந்திருக்கு. சிரிச்சுக்கிட்டே வந்து சொல்றா சார். "குட்டியூண்டு இருந்துச்சுங்க, ஜாக்கெட்டைப் புடிச்சுக்கிட்டு விடவே மாட்டேன்னுச்சு, எடுத்து மரத்துல விட்டுட்டு வந்தேன்." போடி, போய்த் தலையோட தண்ணி ஊத்துன்னேன். அதுக்குள்ள பாப்பாவுக்குப் பால் குடுத்துட்டாளாம்.

பத்து நாளு ஆயிருக்காது, புள்ளைக்குப் பேதி. தண்ணி தண்ணியாப் போச்சு. எஸ்டேட்டுல வேலைக்குப் போறவங்க கைக்குழந்தைகளைப் பாத்துக்க எஸ்தர்னு ஒரு ஆயா இருக்கு. அந்தம்மாகிட்டதான் எல்லாப் புள்ளையும் பகல்ல இருக்கும். அது சொல்லுச்சு, "தம்பி, பேதி புடிச்சிருக்கு, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க, ஒரு ஊசியில சரியாயிடும்"னு. அதுக்கு என்ன தெரியும்? நான் புள்ளையத் தூக்கிப் பாத்தேன். தொடையில தோலு தளந்து கெடக்கு. தேரைன்னு எனக்கு அப்பவே தெரிஞ்சுபோச்சு.

நான் சும்மா இருக்கற தகப்பன் இல்ல சார். மறுநாளே லீவு போட்டுட்டு, கீழ ஓதி விடறவர் ஒருத்தர்கிட்டத் தூக்கிட்டு ஓடினேன். அவரு புள்ளையோட வயித்தைத் தட்டிப் பாத்துட்டுச் சொன்னாரு, "பாலுக்குள்ள எறங்கிடுச்சுப்பா. ஒரு மண்டலத்துக்குத் தாய்ப்பால் ஆகாது. வசம்பு போட்டுக் காய்ச்சின தண்ணியும் கஞ்சித் தெளிவும் குடு. அந்தச் சனியன் கண்ணுல பட்டா உசிரோட விடாத." தாயத்து ஒண்ணு கட்டி விட்டாரு. நல்ல மனுசன்.

வீட்டுக்கு வந்து சொன்னா, சுகந்தி ஒத்துக்கல. "அஞ்சு மாசப் புள்ளைங்க, பால் இல்லாம எப்படிங்க இருக்கும்"னு அழுதா. ஒரு மண்டலந்தானடி, அதுக்கப்புறம் காலம் பூரா குடுன்னேன். நல்லவிதமாத்தான் சொன்னேன். அவளுக்குப் பால் கட்டிக்கிட்டு நெஞ்சு கல்லாப் போச்சு, ஜுரம் வந்துச்சு, ஜாக்கெட்டு நனைஞ்சுக்கிட்டே இருக்கும். எங்க திருட்டுத்தனமாக் குடுத்துடப் போறாளோன்னு, வேலைக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு தடவை, வந்து ஒரு தடவை, என் கண்ணு முன்னாடியே பீச்சிச் சாக்கடையில ஊத்தச் சொல்லுவேன். பல்லைக் கடிச்சுக்கிட்டு ஊத்துவா. உள்ள தொட்டில்ல புள்ள அந்த வாசனைக்கே கத்தும். நான் காதைப் பொத்திக்கிட்டு நிப்பேன். ஒரு தகப்பனுக்கு எவ்வளவு கஷ்டம் பாருங்க.

சரி, பாலை நிறுத்தியாச்சு. அடுத்தது தேரை. அந்த வருசம் மழை விட்டு விட்டுப் பேஞ்சுது, தேரையும் விட்டு விட்டு எறங்கிக்கிட்டே இருந்துச்சு. வேலை முடிஞ்சதும் நேரா ஓடைக்குப் போயிடுவேன். மொத நாளு செருப்புக் காலால மிதிச்சேன். சேத்துக்குள்ள அமுங்கிட்டு மறுபடி எந்திரிக்குது. அப்புறம் மம்பட்டிக் காம்பு. தட்டைக் கல்லு மேல வெச்சு ஒரே அடி. சில்வர் ஓக் மரத்துல ஏறிக்கிட்டு இருக்கறதைத் தட்டி விட்டு அடிப்பேன். சுண்ணாம்பு கொண்டு போய் முதுகுல கொட்டினேன், அது துடிக்கறதைப் பாக்கணுமே, தோலு வெந்து நுரை தள்ளி... ஏன் சார் மொகத்தைத் திருப்பறீங்க? நீங்களும்தான் சாராயத்துல போட்டு பாட்டில்ல அடைக்கறீங்க. நாங்க எட்டாவதுல பாத்திருக்கோம்.

ஒண்ணு சொல்றேன். பொட்டை செத்துப் போயிருக்கும், குடல் வெளிய கெடக்கும், அந்த ஆண் அது முதுகை விடாது. மேல ஒண்ணு போட்டேன், விடல. ஒரு காலு பிஞ்சுபோச்சு, அப்பவும் விடல. எனக்கே ஒரு நிமிசம் கை நின்னுடுச்சு. ஆம்பளைன்னா அப்படி இருக்கணும், என்ன ஆனாலும் விடக்கூடாதுன்னு நெனச்சேன். அப்புறம் ரெண்டையும் சேத்து நசுக்கினேன்.

ஆனா பாருங்க, இத்தனை கொன்னும் புள்ள எளைச்சுக்கிட்டே போகுது. கஞ்சித் தெளிவு வாய்க்குள்ள ஊத்தினா கடைவாயில வழிஞ்சுடும். கத்தக்கூடத் தெம்பில்லாம முனகுது. கண்ணு மட்டும் பெருசா மொறைச்சுக்கிட்டு இருக்கு, அசல் தேரைக் கண்ணு. நான் கொல்லக் கொல்ல அது உள்ளுக்குள்ள இன்னும் அழுத்திப் புடிக்குது, அப்படீன்னா எவ்வளவு பலமான தோசமா இருக்கணும்? நான் ஒருநாகூட விடலையே.

அப்புறம் ஒரு வாரம் புள்ள மொகத்துல லேசா ஒரு தெளிவு. எனக்கு ஒரே சந்தோசம். மருந்தடிக்கிற கூட்டாளிகளுக்கெல்லாம் டீ வாங்கிக் குடுத்தேன், தேரை எறங்குதுடான்னு. ஞாயித்துக்கிழமை மடியில வெச்சுக் கொஞ்சிட்டு வாயை மோந்து பாத்தா, பால் வாசனை.

என்னத்தைச் சொல்ல. சுகந்தியைக் கூப்பிட்டுக் கேட்டேன். இல்லன்னா. மறுபடி கேட்டேன். இல்லன்னா. பொய் சொன்னா யாருக்குத்தான் சார் வயிறு எரியாது? அடிச்சேன். கோபத்துல இல்ல. புள்ளைக்குக் கசாயம் குடுக்கறப்போ மூக்கைப் புடிச்சு ஊத்தறோம்ல, அது மாதிரி. கன்னத்துல ரெண்டு. கீழ விழுந்தவ எந்திரிக்கல, அதனால காலால ஒண்ணு. அவ்வளவுதான். பக்கத்து வீட்டுக்காரங்க கதவைத் தட்டினாங்க, குடும்ப விசயம்னு சொல்லி அனுப்பிட்டேன். அவ வாயத் தெறக்கல. பிடிவாதம்னு சொன்னேன்ல.

திங்கக்கிழமை மருந்து டேங்க்கைத் தேயிலைக்குள்ள மறைச்சு வெச்சுட்டு, ஆயா இருக்கற கொட்டாய்க்குப் போய் ஜன்னல்ல எட்டிப் பாத்தேன். சுகந்தி கொழுந்துச் சாக்கை இடுப்புல கட்டினபடியே உக்காந்து புள்ளைக்குப் பால் குடுத்துக்கிட்டு இருக்கா. எஸ்தர் அவளுக்கு விசிறி விட்டுக்கிட்டு, "மெதுவாம்மா, மெதுவா, அவரு வர்றதுக்கு இன்னும் நேரமிருக்கு"ங்குது. என்னைத்தான் சொல்லுது! என் வீட்டுல எனக்குத் தெரியாம ஒரு நாடகம், அதுக்கு அந்தம்மா காவல்.

உள்ள போய்ப் புள்ளையப் புடிச்சு இழுத்தேன். சுகந்தி விடல. "ஐயோ, கையப் பிச்சுடாதீங்க, புள்ள கையி, புள்ள கையி"ன்னு கத்தறா. எஸ்தர் குறுக்க வந்து என் சட்டையப் புடிச்சுக்கிட்டு, "பாவி, உம்புள்ள பசியில சாகுதுடா, தேரையில இல்ல"ன்னுச்சு. டான்னு சொல்லிடுச்சு சார், அத்தனை வருசமா தம்பின்னு கூப்பிட்ட வாயி. கதவுக்குத் தாழ்ப்பாளாப் போடற கட்டை பக்கத்துல சாத்தியிருந்துச்சு. அதை எடுத்தது தெரியும், வீசினது தெரியும். அந்தம்மா வாயப் பொத்திக்கிட்டு உக்காந்துடுச்சு. முன்பல்லு ரெண்டு போச்சுன்னு பின்னாடி சொன்னாங்க. சுத்தியிருக்கற கைக்குழந்தைக எல்லாம் வீர் வீர்னு கத்துதுக. எனக்குக் கோபம் வந்திருந்தா இன்னொரு அடி விழுந்திருக்கும். ஒண்ணோட நிறுத்தினேன், அதை யாரும் பேச மாட்டேங்கறாங்க.

பஞ்சாயத்து பண்ணாங்க. யூனியன்காரரு என்னை மன்னிப்புக் கேக்கச் சொன்னாரு, கேட்டேன். எஸ்தர் வாயில துணிய வெச்சுக்கிட்டு என் மொகத்தையே பாக்கல. ஊருக்குள்ள ஆளாளுக்கு என்னமோ பேசறாங்க. எனக்கு மனசு உடைஞ்சு போச்சு. நான் யாருக்காக இதெல்லாம் பண்றேன்? என் புள்ளைக்காக. அது பொழைக்கணும்னுதான? அந்தக் கவலை என்னைத் தவிர யாருக்குமே இல்லையேன்னு நெனச்சா அழுகையா வந்துச்சு. அழுதேன் சார், ஒளிக்க என்ன இருக்கு.

அப்பத்தான் ஓடையைப் பாத்தேன். தேரையெல்லாம் மரத்துக்குப் போயிடுச்சு, ஆனா தண்ணி கருப்பா நெளியுது. தலைப்பிரட்டை. கல்லுக்குக் கல்லு ஒட்டிக்கிட்டு, கையால அள்ளினா அள்ள அள்ள வருது. ஒவ்வொண்ணும் அடுத்த வருசம் ஒரு தேரை. கட்டையால எத்தனையை அடிக்கிறது? கையில டேங்க் இருக்கு, ஸ்டோர்ல மருந்து இருக்கு, அளவு தெரிஞ்ச கை. விடியறதுக்குள்ள ஓடையோட தலமாட்டுல இருந்து ஊத்திக்கிட்டே எறங்கினேன். தண்ணி கலக்காம கேன்ல இருந்து அப்படியே. கரையோட இருக்கற மரத்துப் பொந்துக்கெல்லாம் குழாயை உள்ள விட்டு அடிச்சேன். பொந்துல இருந்து ஒவ்வொண்ணா வந்து விழுந்துச்சு, வாயப் பொளந்துக்கிட்டு. வெளிச்சம் வர்றப்போ ஓடை அப்படியே அடங்கிப் போச்சு. ஒரு அசைவு இல்ல. எனக்கு அன்னைக்குத்தான் நெஞ்சுல இருந்த பாரம் எறங்கின மாதிரி இருந்துச்சு.

மீனும் நண்டும் செத்து மெதந்துச்சு, அது ஆகத்தான் செய்யும். எங்க லைன் மாரிச்சாமியோட சினை மாடு தண்ணி குடிச்சுட்டு வாயில நுரை தள்ளி விழுந்துச்சு. அதை நான் எதிர்பாக்கல. மாடு எனக்கு எதிரியா? புள்ளைக குளிக்கப் போறதுக்குள்ள தெரிஞ்சுதேன்னு அவங்க எனக்கு நன்றி சொல்லணும். சொன்னாங்களா? மொத்த லைனும் தெரண்டு வந்துச்சு. மாரிச்சாமி அழுதுக்கிட்டே வந்தான். என்னை இழுத்துட்டுப் போய் ரோட்டோர சில்வர் ஓக்குல தேயிலைச் சாக்குக் கயித்தால கட்டினாங்க. கட்டி வெச்சு அடிச்சாங்க சார். தேயிலைச் செடியில கவாத்து வெட்டின குச்சி, செருப்பு, கையில கெடைச்சதெல்லாம். பொம்பளைகளும் அடிச்சாங்க. என் கூட டேங்க் தூக்கினவன், டீ வாங்கிக் குடுத்தவன், அவன் என் மூக்குல குத்தினான். இந்த எலும்பைத் தொட்டுப் பாருங்க, கோணலாத்தான் சேந்திருக்கு. போலீசுக்குச் சொல்லலாமான்னு ஒருத்தன் கேட்டான், இங்கயே முடிப்போம்னு இன்னொருத்தன் சொன்னான். ரத்தம் கண்ணுக்குள்ள போய் எல்லாம் செவப்பாத் தெரியுது.

அப்ப சுகந்தி வந்தா.

இடுப்புல புள்ள, தோள்ல ஒரு பை. எல்லாரும் வழி விட்டாங்க. அவுத்து விடத்தான் வர்றான்னு நெனச்சேன். என்ன இருந்தாலும் தாலி கட்டினவன் இல்லையா. "சுகந்தி, தீத்துட்டேன்டி, ஒண்ணு மிச்சமில்ல, இனி புள்ளைக்கு ஒண்ணும் ஆகாது"ன்னு சொன்னேன். வாயில ரத்தம் வழியுது, அப்பவும் அதைத்தான் சொன்னேன். மொத வார்த்தையே அதுதான்.

எனக்கு நேரா ஒரு கல்லு கெடந்துச்சு. அதுல உக்காந்தா. புள்ள கழுத்துல இருந்த தாயத்தைப் பல்லால கடிச்சு அத்துப் போட்டா. ஜாக்கெட்டை அவுத்துப் புள்ளைக்குப் பால் குடுக்க ஆரம்பிச்சா. அத்தனை பேரு முன்னாடி சார்! ஆம்பளைக நிக்கறாங்க, யூனியன்காரரு நிக்கறாரு, முந்தானையக்கூட இழுத்து விடல. என் கண்ணையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கா. நான் கத்தறேன், மானம் போகுதுடி, உள்ள போடின்னு. ஆம்பளைக எல்லாம் தலையக் குனிஞ்சுக்கிட்டாங்க. புள்ள குடிக்கிற சத்தம் மட்டும் கேக்குது. மடக்கு மடக்குன்னு, மூச்சு விடாம. குடிச்சு, நிறுத்தி, மறுபடி குடிச்சு, அப்படியே மார்ல தூங்கற வரைக்கும் குடுத்தா. எஸ்தர் பின்னாடி நின்னு அவ தலையத் தடவி விட்டுக்கிட்டு இருந்துச்சு.

அப்புறம் எந்திரிச்சுச் சேலையச் சரி பண்ணிக்கிட்டு, கீழ போற பஸ்ஸுல ஏறிப் போயிட்டா. அத்தனை பேரு அடிச்சது எனக்கு வலிக்கல. அவ ஒரு அடி அடிச்சிருந்தாக்கூடப் புருசன் பொண்டாட்டின்னு விட்டிருப்பேன். அப்படிப் பாத்தா பாருங்க ஒரு பார்வை, அதை நெனச்சா எனக்கு இப்பவும் சோறு எறங்காது.

மாட்டுக்கு ஈடு குடுத்தேன், வேலையில எறக்கி விட்டாங்க, எல்லாம் பொறுத்துக்கிட்டேன். ஒரே ஒரு நம்பிக்கை. இந்த வருசம் கோடை மழை வரட்டும்னு இருந்தேன். மழை வந்துச்சு. போய் ஓடையில நின்னேன். ஒரு சத்தம் இல்ல. மறுநாளும் போனேன். மரம் மரமா டார்ச் அடிச்சுப் பாத்தேன். ஒண்ணுகூட எறங்கல. காடே வாயடைச்சுப் போன மாதிரி. எனக்கு இருந்த சந்தோசத்துக்கு அளவே இல்ல சார். இனி என்ன தடை? புள்ளைய மேல கொண்டு வந்துடலாம்.

அதான் இன்னைக்குக் காலையில எறங்கினேன். சுகந்தி அவ அக்கா வீட்டுல இருக்கா, தென்னந்தோப்புக்குள்ள. அக்காளும் தங்கச்சியும் நாரு மில்லுக்குப் போறாங்க. புதுச்சட்டை போட்டுக்கிட்டு, புள்ளைக்கு ஒரு கவுனு வாங்கிட்டுப் போனேன். வாசல்ல யாருமில்ல. பைப்படியில ஒரு கொழந்தை நின்னு தண்ணி அள்ளி அள்ளிக் கொட்டிக்கிட்டு இருக்கு. கையும் காலும் கொழுகொழுன்னு, கன்னம் தொங்குது, தொடையில மடிப்பு விழுது. யாரு வீட்டுப் புள்ளையோன்னு நெனச்சேன். அது திரும்பிச் சிரிச்சப்பத்தான் எங்க அம்மா சாடை தெரிஞ்சுது. என் புள்ள சார்! நான் நடு வாசல்ல நின்னு அழுதுட்டேன். பாத்தியா, தேரை இல்லாத எடத்துல எப்படி வளந்திருக்குன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன்.

கிட்டப் போய்ப் பாத்தேன். அது யாருக்குத் தண்ணி ஊத்துதுன்னு நெனைக்கறீங்க? தொவைக்கிற கல்லுக்கு அடியில ஒண்ணு உக்காந்திருக்கு. கை அகலம் இருக்கும். தொண்டை மட்டும் துடிக்குது. மரத்தேரை இல்ல, நாட்டுத் தேரை, ஆனா தேரை தேரைதான? புள்ள ஒரு பிளாஸ்டிக் டம்ளர்ல தண்ணி மோந்து அது முதுகுல ஊத்தி, "குளி, குளி"ங்குது. புள்ளைய ஒரு கையால தள்ளி விட்டேன், ஓங்கி ஒரே மிதி. குதிகாலால. புது பேன்ட்டு பூரா தெறிச்சுது.

புள்ள அழல. கீழ கெடக்கறதைப் பாத்துச்சு. என்னைப் பாத்துச்சு. டம்ளரை எடுத்துக்கிட்டு வந்து என் முட்டிக்காலு மேல அடிச்சுச்சு பாருங்க, டப் டப்னு, மூச்சு வாங்க வாங்க, பல்லைக் கடிச்சுக்கிட்டு. என்ன ஆங்காரம்! எனக்குப் பூரிச்சுப் போச்சு. என் ரத்தம்ல?

அந்தச் சத்தத்துக்குத்தான் சுகந்தி வெளிய வந்தா. சுகந்தி, ஓடையைச் சுத்தமாக்கிட்டேன், வா போலாம்னு நான் வாயத் தெறக்கறதுக்குள்ள தென்ன மட்டையத் தூக்கிட்டா. கழுத்துல ஒண்ணு, முதுகுல ஒண்ணு. புருசனை சார். செத்த தேரைக்காக. "இந்த வாசல்ல உன் நெழலு விழுந்துச்சு, வெட்டிடுவேன். என் புள்ளைய உங்கிட்ட இருந்து பொழைக்க வெச்சுக் கொண்டாந்திருக்கேன்"ங்கறா. அவ அக்கா அருவாளோட வந்து நிக்குது. நான் எதுத்துப் பேசல, எனக்குத்தான் கோபமே வராதே. கவுனைத் திண்டுல வெச்சேன். அதையும் தூக்கி வெளிய எறிஞ்சாங்க. இந்தா, பையிலதான் இருக்கு, பாக்கறீங்களா? அளவு பத்தாது, புள்ள அவ்வளவு வளந்துடுச்சு.

பஸ்ஸுல ஏறினதுல இருந்து ஒரே யோசனை. நீங்க படிச்சவரு, நீங்களே சொல்லுங்க. அங்கயும் தேரை இருக்கு. புள்ள அதோட வெளையாடுது, தொடுது, குளிப்பாட்டுது. அப்படியும் கொழுகொழுன்னு இருக்கு. அப்ப தேரையினால இல்லையா? சரி, இல்லைன்னே வெச்சுக்குவோம். அதே புள்ள, அதே தாயி, அதே பாலு. மேல எலும்பும் தோலுமாக் கெடந்துச்சு, கீழ போனதும் எந்திரிச்சு ஓடுது. அப்படி என்ன சார் ஒண்ணு மேல புள்ளையோட இருந்துச்சு, கீழ இல்லாம போச்சு? அதைக் கண்டுபிடிச்சா முடிஞ்சுது விசயம். கீழ ஆழியாறு அணையைத் தாண்டினதுல இருந்து அதையேதான் யோசிச்சுக்கிட்டு வர்றேன்.

குளிரு சார். வேற என்ன இருக்கு? மலைக்குளிரு பச்சைப் புள்ளைக்கு ஆகாது. இத்தனை நாளு எனக்கு இது தோணவே இல்ல பாருங்க. எறங்கினதும் மொத வேலையா கனமா ஒரு கம்பளி வாங்கப் போறேன். அடுத்த வாரம் போய், அவ என்ன சொன்னாலும் சரி, மட்டையால அடிச்சாலும் சரி, அருவாளை நீட்டினாலும் சரி, புள்ளைய அதுல சுத்தித் தூக்கிட்டு வந்துடுவேன்.